நாஸின் இசைப்பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கைச் சேர்ந்த ராப் பாடகர் நாஸ், 1991 முதல் இன்றுவரை பாடல்களைப் பதிவு செய்துவருகிறார். அவருடைய ஆல்பங்களைக் கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. முதல் ஆல்பமான 'இல்மாட்டிக்' தொட்ட உயரத்தை நாஸ் பிறகு ஒருபோதும் எட்டவில்லை என்பது பரவலான கருத்து. இப்பக்கத்தை எழுதியவருக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாஸின் எழுத்தாற்றல் பெரிய அளவில் ஏறி இறங்கியதே இல்லை. யாருடைய இசைக்கு அவர் பாடினார் என்பதுதான் அவருடைய ஆல்பங்களின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது என்பதே இங்குள்ள பதில்களின் அடிப்படை.

நாஸ் எங்கிருந்து வந்தவர்?

நசிர் பின் ஓலு டாரா ஜோன்ஸ் என்பது அவருடைய முழுப்பெயர். 1973 செப்டம்பர் 14 அன்று புரூக்ளினில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் குவீன்ஸ் பகுதியிலுள்ள குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய அரசுக் குடியிருப்பு வளாகம் அது. 96 கட்டடங்கள் கொண்டது. தந்தை ஓலு டாரா ஜாஸ் இசையில் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்தவர். தாய் ஃபேனி ஆன் ஜோன்ஸ் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். நாஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டார். வீட்டில் இருந்த புத்தகங்களும் தந்தையின் இசைத்தட்டுகளும்தான் அவருக்குப் பள்ளி.

குவீன்ஸ்பிரிட்ஜுக்கு அதற்கு முன்பே ஹிப் ஹாப்பில் ஒரு பெயர் இருந்தது. மார்லி மார்ல் என்ற இசைத் தயாரிப்பாளரும் எம்சி ஷான் என்ற பாடகரும் அங்கிருந்து வந்தவர்கள். 1980களின் பிற்பகுதியில் பிராங்க்ஸைச் சேர்ந்த கேஆர்எஸ்-ஒன் தம் பாடல்களால் அவர்களைக் கேலிசெய்து மடக்கியபோது, அந்த வட்டாரத்தின் மதிப்பே குறைந்துபோனது. அதை மீட்டெடுக்க ஒருவர் வரமாட்டாரா என்று குவீன்ஸ்பிரிட்ஜ் காத்திருந்த காலத்தில் வளர்ந்தவர் நாஸ்.

அவருடைய குரல் முதலில் எந்தப் பதிவில் ஒலித்தது?

1991இல் மெயின் சோர்ஸ் குழு வெளியிட்ட 'பிரேக்கிங் ஆட்டம்ஸ்' ஆல்பத்தில் 'லைவ் அட் தி பார்பெக்யூ' என்ற பாடல் இருக்கிறது. நால்வர் பாடும் அந்தப் பாடலின் முதல் சரணம் நாஸுடையது. அப்போது அவர் 'நாஸ்டி நாஸ்' என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த பதின்பருவத்து இளைஞர். ஒரே ஒரு சரணம்தான். ஆனால் நியூயார்க்கில் ராப் கேட்பவர்கள் அத்தனை பேரும் 'யார் இந்தப் பையன்?' என்று விசாரிக்க அது போதுமானதாக இருந்தது.

அவரைக் கண்டெடுத்தவர் மெயின் சோர்ஸின் லார்ஜ் புரொஃபசர். ராப் பாடகர்கள் ரக்கிம், கூல் ஜி ராப் ஆகியோருக்காக வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒலிப்பதிவுக்கூடத்தில், அவர்கள் வராத நேரங்களில் நாஸை அழைத்துப்போய் மாதிரிப் பதிவுகளைச் செய்தவர் அவர். அடுத்த ஆண்டு ராப் பாடகர் எம்சி செர்ச்சின் 'பேக் டு தி கிரில்' பாடலில் நாஸ் இன்னொரு சரணம் பாடினார். அதன்பின் செர்ச் அவருக்காக இசை நிறுவனங்களின் கதவைத் தட்டினார். டெஃப் ஜாமின் ரசல் சிம்மன்ஸ், கூல் ஜி ராப்பைப் போல ஒலிக்கும் ஒருவர் விற்பனையாகமாட்டார் என்று மறுத்துவிட்டதாகச் செர்ச் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொலம்பியா நிறுவனத்தில் ஃபெயித் நியூமன் அந்தப் பதிவுகளைக் கேட்டு உடனே ஒப்பந்தம் செய்தார். 1992இல் 'ஸீப்ராஹெட்' திரைப்படத்துக்கான பாடல் தொகுப்பில் 'ஹாஃப்டைம்' வெளியானது. அதுவே அவருடைய முதல் தனிப்பாடல்.

'இல்மாட்டிக்' ஆல்பத்துக்கு ஏன் அத்தனை இசைத் தயாரிப்பாளர்கள்?

அக்காலத்து நியூயார்க்கில் ஒரு ஆல்பத்தின் இசையை ஒரே தயாரிப்பாளரோ குழுவில் இருக்கும் டிஜேயோ செய்வதுதான் வழக்கம். 1994 ஏப்ரல் 19 அன்று வெளியான 'இல்மாட்டிக்' அதை மாற்றியது. லார்ஜ் புரொஃபசர், டிஜே பிரீமியர், பீட் ராக், ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் கியூ-டிப், குவீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த எல்.இ.எஸ். ஆகியோர் பாடல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு அமைத்தனர். தமக்குள் போட்டியாளர்களான இவர்கள் முன்பின் தெரியாத ஒரு இளைஞருக்காகத் தங்களிடமிருந்த சிறந்ததைக் கொடுத்தார்கள் என்பதுதான் வியப்பு. ஒருவர் அமைத்ததைக் கேட்ட மற்றவர், தாம் கொடுத்ததை மாற்றி மேலும் சிறப்பாகச் செய்ய முயன்றார். பிரீமியர் 'ரெப்ரசென்ட்' பாடலின் இசையை இவ்வாறு மாற்றியமைத்ததாகக் கூறியிருக்கிறார்.

இதற்குப் பின்னால் வந்த ராப் பாடகர்கள் பலரும் பல தயாரிப்பாளர்களைத் திரட்டும் முறையைப் பின்பற்றினார்கள். விளைவு எப்போதும் நன்றாக இருக்கவில்லை. நாஸுக்கே அது பின்னாளில் தொல்லையானது. அதைக் கீழே காணலாம்.

நாற்பது நிமிடம்கூட ஓடாத அந்த ஆல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

முன்னுரையைச் சேர்த்துப் பத்துத் தடங்கள். விருந்தினராகப் பாடும் ராப் பாடகர் ஏஸீ ஒருவர் மட்டுமே. நிரப்புவதற்காகச் சேர்த்த பாடல் ஒன்றுகூட இல்லை என்பது முதல் காரணம். ஆனால் அது மட்டும் போதாது. சில பாடல்களை நெருங்கிப் பார்த்தால்தான் விளங்கும்.

'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாடலை எடுத்துக்கொள்வோம். டிஜே பிரீமியர் ஜாஸ் கலைஞர் ஜோ சேம்பர்ஸின் பதிவிலிருந்து தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் பியானோத் துணுக்கு ஒன்றைச் சாம்பிளாக எடுத்து, கனத்த டிரம் ஒலியின் மேல் சுழலவிட்டார். மன்ஹாட்டனில் இருந்த டி அண்ட் டி ஒலிப்பதிவுக்கூடத்தில் நாஸ் மைக்கின் முன் நின்றார். இசை ஓடத் தொடங்கியபின், இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என அவர் முணுமுணுப்பது பதிவிலேயே கேட்கிறது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பிரீமியர் கையசைத்து எண்ணிக் காட்ட, மறுகணமே பாடத் தொடங்கிய நாஸ் முதல் சரணத்தை மூச்சுவிடாமல் ஒரே பதிவில் முடித்துவிட்டார் என்று பிரீமியர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த முணுமுணுப்பை அழிக்காமல் விட்டதும் பிரீமியரின் தேர்ந்த முடிவுதான்.

'ஒன் லவ்' வேறு வகை. சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த பாடல் அது. வெளியே யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் சுடப்பட்டார்கள், பிறந்த குழந்தை யாருடைய சாயல் என்று ஊர்ச்செய்தி போலவே வரிகள் செல்கின்றன. மூன்றாம் சரணத்தில் கடிதம் நின்றுவிடுகிறது. குடியிருப்பின் பெஞ்சில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு நாஸ் உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் பையன் ஏற்கெனவே போதைப்பொருள் விற்கிறான். பெரியவனைப் போலப் பேசுகிறான். நாஸ் அவனைக் கண்டிப்பதில்லை, அறிவுரை என்ற பெயரில் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். கியூ-டிப் அமைத்த இசையில் ஹீத் பிரதர்ஸின் பதிவிலிருந்து எடுத்த மெல்லிய நாதம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இருபது வயது ஆளுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடையாது. 1992இல் அவருடைய உயிர்நண்பர் இல் வில் குவீன்ஸ்பிரிட்ஜில் சுட்டுக் கொல்லப்பட்டதை மட்டும் இங்கே சொல்லலாம்.

'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாடலுக்கு அஹ்மத் ஜமாலின் பியானோவை எடுத்தாண்ட பீட் ராக், பல்லவியையும் தாமே பாடினார். கடைசிப் பாடலான 'இட் எய்ன்ட் ஹார்ட் டு டெல்' மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' மீது கட்டப்பட்டது. உறையில் காணப்படும் சிறுவனின் முகம் ஏழு வயது நாஸ். அப்படத்தை எடுத்தவர் அவருடைய தந்தை.

வெளியானபோது அது நன்றாக விற்றதா?

இல்லை. முதல் வாரத்தில் ஏறத்தாழ 59,000 பிரதிகள் விற்று, அமெரிக்க ஆல்பங்களின் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200இல் 12ஆம் இடத்தில் நின்றது. வெளியாகும் முன்பே திருட்டு கேசட்டுகள் நகரெங்கும் புழங்கியது ஒரு காரணம். விமர்சகர்களின் வரவேற்பு அமோகமாக இருந்தது. புதுமுகங்களுக்கு அரிதாகவே கிடைத்த ஐந்து மைக் என்ற உச்ச மதிப்பீட்டை ஹிப் ஹாப் இதழான 'தி சோர்ஸ்' வழங்கியது. பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று 2001இல்தான் கிடைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இவ்வால்பத்தைச் சேர்த்துக்கொண்டதாக 2021இல் அறிவித்தது.

'இட் வாஸ் ரிட்டன்' ஆல்பத்தில் அவர் விலைபோய்விட்டார் என்கிறார்களே?

1996 ஜூலையில் வெளியான இரண்டாவது ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேரடியாக முதலிடத்துக்குச் சென்றது. ஸ்டீவ் ஸ்டவுட் மேலாளராகியிருந்தார். ட்ராக்மாஸ்டர்ஸ் என்ற இரட்டையர் பெரும்பாலான பாடல்களை அமைத்தனர். 'ஸ்ட்ரீட் ட்ரீம்ஸ்' யூரித்மிக்ஸின் புகழ்பெற்ற மெட்டைத் தழுவியது. லாரின் ஹில் பல்லவி பாடிய 'இஃப் ஐ ரூல்டு தி வேர்ல்டு' வானொலிகளில் ஓயாமல் ஒலித்தது. தெருவைப் பார்த்து எழுதியவர் இப்போது இத்தாலிய மாஃபியாத் தலைவரைப் போல வேடமிடுகிறார் என்று முதல் ஆல்பத்தின் ரசிகர்கள் கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் எழுத்து தளர்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. பிரீமியர் அமைத்த 'ஐ கேவ் யூ பவர்' பாடலை முழுக்க முழுக்க ஒரு துப்பாக்கியே தன்னிலையில் பேசுகிறது. கை மாறிக் கை மாறிச் சலித்துப்போன அது, ஒரு கட்டத்தில் சுட மறுத்துத் தன்னை ஏந்தியவனைச் சாகவிடுகிறது; ஆனால் தரையில் விழுந்ததும் இன்னொரு கை அதை எடுத்துக்கொள்கிறது. ராப் பாடல்களில் கதை சொல்லும் முறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் அதிகமில்லை. ஸ்டிங் பாடிய பாடலொன்றின் கிதாரை எடுத்தாண்ட 'தி மெசேஜ்' முதல் ஆல்பத்தில் இடம்பெற்றிருந்தாலும் தலைகுனிந்திருக்காது. காலம் செல்லச் செல்ல இவ்வால்பத்தின் மதிப்பு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

'தி ஃபர்ம்' என்ற குழு என்னவாயிற்று?

நாஸ், ஏஸீ, ஃபாக்ஸி பிரவுன், நேச்சர் ஆகிய நால்வரின் குழு அது. தொடக்கத்தில் இருந்த கார்மேகா வெளியேற்றப்பட்டு அவரிடத்தில் நேச்சர் வந்தார். டாக்டர் ட்ரேயும் ட்ராக்மாஸ்டர்ஸும் சேர்ந்து அமைத்த ஒரே ஆல்பம் 1997 அக்டோபரில் வெளியாகி முதலிடம் பிடித்தது. ஆயினும் எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. குழு கலைந்தது.

1999இல் வந்த இரண்டு ஆல்பங்களும் ஏன் சறுக்கலாகக் கருதப்படுகின்றன?

'ஐ ஆம்...' முதலில் பிறப்பு முதல் இறப்பு வரையிலான தன்வரலாறாக, இரட்டை ஆல்பமாகத் திட்டமிடப்பட்டது. எம்பி3 கோப்புகள் இணையத்தில் பரவத் தொடங்கிய காலம் அது. பாடல்களில் பெரும்பகுதி வெளியீட்டுக்கு முன்பே கசிந்துவிட்டது. கசிந்தவற்றை ஒதுக்கிப் புதியவற்றை அவசரமாகச் சேர்த்து, ஒற்றை ஆல்பமாக 1999 ஏப்ரலில் வெளியிட்டார்கள். பட்டியலில் முதலிடம் கிடைத்தது. பிரீமியர் அமைத்த 'நாஸ் இஸ் லைக்' அவருடைய தலைசிறந்த பாடல்களுள் ஒன்று. பஃப் டாடியுடன் பாடிய 'ஹேட் மீ நவ்' கூச்சலும் ஆடம்பரமுமாக எதிர்த்துருவத்தில் நின்றது. இரண்டும் ஒரே தட்டில் இருப்பதே அந்த ஆல்பத்தின் சிக்கல்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'நாஸ்ட்ரடாமஸ்' அதைவிட மோசம். மிச்சமிருந்த கசிவுப் பாடல்களை வெளியிடாமல், குறுகிய காலத்தில் புதிதாகப் பதிவு செய்தவற்றைக் கொண்டு நிரப்பப்பட்ட ஆல்பம் அது. நாஸின் பட்டியலில் தயங்காமல் ஒதுக்கக்கூடியது எதுவென்று கேட்டால், இதைத்தான் சுட்டவேண்டும்.

ஜே-ஸீயுடன் ஏற்பட்ட மோதல் எத்தகையது? யார் வென்றார்?

அதன் வேர் 1996இல் இருக்கிறது. நியூயார்க்கின் இன்னொரு ராப் பாடகரான ஜே-ஸீயின் முதல் ஆல்பத்தைச் சேர்ந்த 'டெட் பிரசிடென்ட்ஸ்' பாடலின் பல்லவி, 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாடலின் மறுகலவையிலிருந்து எடுக்கப்பட்ட நாஸின் குரல்தான். பிறகு சிறுசிறு குத்தல் வரிகள் இருபக்கமும் பறந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று வெளியான 'தி புளூபிரிண்ட்' ஆல்பத்தில் 'டேக்ஓவர்' என்ற பாடல் மூலம் ஜே-ஸீ பகிரங்கமாகத் தாக்கினார். கான்யே வெஸ்ட் அமைத்த அப்பாடல் வசை மட்டும் அன்று, கணக்கு. பத்தாண்டுகளுக்கு ஒரு நல்ல ஆல்பம் என்ற விகிதத்தில்தான் நாஸ் தருகிறார் என்று அது ஏளனம் செய்தது. முந்தைய இரண்டு ஆல்பங்களையும் கேட்டிருந்தவர்களால் அதை எளிதில் மறுக்க முடியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நாஸின் 'ஸ்டில்மாட்டிக்' ஆல்பத்தில் அதற்குப் பதிலடியாக 'ஈதர்' வந்தது. ரான் பிரவுஸ் அமைத்த இசை எளிமையானது, சொல்லப்போனால் சாதாரணமானது. ஆனால் அதில் கொட்டிய சீற்றம் சாதாரணமானதன்று. தர்க்கரீதியாகப் பார்த்தால் 'டேக்ஓவர்' வலுவான பாடல் என்றே இப்பக்கத்தின் ஆசிரியர் கருதுகிறார். ஆனால் மேடைச் சண்டையை வெல்வது தர்க்கமன்று. ஜே-ஸீ 'சூப்பா அக்லி' என்ற பாடலால் திருப்பித் தாக்கினார். நியூயார்க்கின் ஹாட் 97 வானொலி நேயர்களிடம் கேட்டபோது, வாக்குகள் நாஸின் பக்கம் விழுந்தன.

சண்டையின் நிழலில் அந்த ஆல்பத்தின் மற்ற பாடல்கள் மறைந்துவிடக் கூடாது. 'ஒன் மைக்' கிசுகிசுப்பாகத் தொடங்கிக் கத்தலில் முடிந்து மீண்டும் அடங்குகிறது. இறுதிச் சரணம் அதைத் தலைகீழாக்கி, கத்தலில் தொடங்கி அமைதியில் முடிகிறது. 'ரீவைண்ட்' ஒரு பழிவாங்கலை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிப் பின்னோக்கிச் சொல்கிறது. 2005 அக்டோபரில் நியூஜெர்சியில் நடந்த தம் நிகழ்ச்சியில் ஜே-ஸீ நாஸை மேடைக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து 'டெட் பிரசிடென்ட்ஸ்' பாட, பகை முடிந்தது.

'தி லாஸ்ட் டேப்ஸ்' தொகுப்பை ஏன் ரசிகர்கள் இத்தனை கொண்டாடுகிறார்கள்?

1999இல் கசிந்து ஒதுக்கப்பட்ட பாடல்களில் சிலவற்றையும் 'ஸ்டில்மாட்டிக்' காலத்து மிச்சங்களையும் சேர்த்து 2002 செப்டம்பரில் வெளியிட்ட தொகுப்பு இது. பெரிய விருந்தினர்கள் இல்லை. வானொலிக்கான பாடல் இல்லை. 'டூ ராக்ஸ்' இளமைப்பருவத்து நினைவு. 'பாப்பா வாஸ் எ பிளேயா' தந்தையின் பிற பெண்களுடனான உறவுகளையும் பெற்றோரின் பிரிவையும் மகனின் பார்வையில், கசப்பும் பாசமுமாகச் சொல்கிறது. 'ஃபீட்டஸ்' தாயின் வயிற்றிலிருந்தே பேசுகிறது. இவையெல்லாம் உரிய இடத்தில், உரிய காலத்தில் வந்திருந்தால் 1999ஆம் ஆண்டின் கதையே வேறாக இருந்திருக்கும்.

தாயின் மறைவு எந்த ஆல்பத்தில் பதிவாகியுள்ளது?

ஃபேனி ஆன் ஜோன்ஸ் 2002 ஏப்ரலில் புற்றுநோயால் காலமானார். டிசம்பரில் வந்த 'காட்ஸ் சன்' அந்தத் துயரத்தினூடே உருவானது. தாயுடன் இன்னும் ஒரே ஒருமுறை நடனமாட முடியாதா என்று ஏங்கும் 'டான்ஸ்' அலங்காரமற்ற எளிய பாடல். இன்னொரு புறம் 'மேட் யூ லுக்' இருக்கிறது. இன்கிரெடிபிள் போங்கோ பேண்டின் 'அப்பாச்சி' டிரம் ஒலியை மெதுவாக்கிச் சலாம் ரெமி அமைத்த அந்த இசை, எந்த நடன அரங்கையும் இன்றும் எழுப்பிவிடும். பேத்தோவனின் 'ஃபுயூர் எலிசே' மெட்டில், சிறுவர்களின் கோரஸோடு அமைந்த 'ஐ கேன்' தனித்த பெருவெற்றி பெற்றது. பள்ளிப்பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் பாடல் என்றாலே நெளிய வைக்கும். இது ஓரளவு தப்பிக்கிறது.

தந்தை ஓலு டாரா அவருடைய பாடல்களில் வாசித்திருக்கிறாரா?

ஆம். 'இல்மாட்டிக்' ஆல்பத்தின் 'லைஃப்ஸ் எ பிச்' பாடலின் முடிவில் ஒலிக்கும் கார்னெட் அவருடையதுதான். இருபது வயதை எட்டியதற்கு நன்றி சொல்லும் சரணத்துக்குப் பின், மகன் வார்த்தைகளை நிறுத்திய இடத்தில் தந்தையின் வாத்தியம் தொடர்கிறது. 1998இல் ஓலு டாரா வெளியிட்ட தம் சொந்த ஆல்பத்தில் 'ஜங்கிள் ஜே' பாடலில் நாஸ் பாடினார். 2004இல் வந்த 'ஸ்ட்ரீட்ஸ் டிசைபிள்' என்ற இரட்டை ஆல்பத்தின் 'பிரிட்ஜிங் தி கேப்' பாடலில் இருவரும் நேருக்கு நேர் பாடுகிறார்கள். மிசிசிப்பியின் புளூஸிலிருந்து குவீன்ஸ்பிரிட்ஜ் ராப் வரையிலான வழித்தடம் நான்கே நிமிடங்களில் கண்முன் வருகிறது. இரட்டை ஆல்பத்தின் மற்ற பகுதியைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

டெஃப் ஜாம் காலத்து ஆல்பங்கள் எவை?

சமாதானத்தின் தொடர்ச்சியாக, அப்போது டெஃப் ஜாம் தலைவராக இருந்த ஜே-ஸீயிடம் நாஸ் 2006இல் ஒப்பந்தமானார். ஒருகாலத்தில் அவரை வேண்டாம் என்ற அதே நிறுவனம். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 'ஹிப் ஹாப் இஸ் டெட்' தலைப்பாலேயே விவாதத்தைக் கிளப்பியது; தென் மாநிலங்களின் பாடகர்கள் பலர் அதைத் தங்கள் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 2008இல் வந்த அடுத்த ஆல்பத்துக்குக் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லையே தலைப்பாக வைக்கப்போவதாக நாஸ் அறிவித்தார். ஜெஸ்ஸி ஜாக்சன் உள்ளிட்டோர் கண்டித்தனர், கடைகள் தயங்கின. இறுதியில் தலைப்பே இல்லாமல் அந்த ஆல்பம் வெளியானது. இரண்டுமே பட்டியலில் முதலிடம் பெற்றன. இரண்டிலும் பேசுபொருள் பெரிதாகவும் இசை அதற்கு ஈடாகாததாகவும் இருப்பதை மறைக்க முடியாது.

2010இல் ரெகே பாடகர் டேமியன் மார்லியுடன் சேர்ந்து வெளியிட்ட 'டிஸ்டன்ட் ரிலேட்டிவ்ஸ்' அந்தத் தேக்கத்தை உடைத்தது. ரெகேயும் ராப்பும் ஆப்பிரிக்கப் பதிவுகளிலிருந்து எடுத்த சாம்பிள்களும் கலந்த அந்த ஆல்பத்தில் எத்தியோப்பியாவின் முலாட்டு அஸ்டட்கே, மாலியின் அமாடு மரியம் இணை ஆகியோரின் இசை ஒலிக்கிறது.

'லைஃப் இஸ் குட்' ஆல்பத்தின் உறையில் இருக்கும் பச்சை உடை யாருடையது?

நாஸின் முன்னாள் மனைவியான பாடகி கெலிஸ் தம் திருமணத்தில் அணிந்த உடையின் பகுதி அது. மணமுறிவுக்குப் பின் அவர் விட்டுச்சென்ற அந்த உடையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார் நாஸ். 2012 ஜூலையில் வந்த இவ்வால்பத்தை முக்கியமாகச் சலாம் ரெமியும் நோ ஐ.டி.யும் அமைத்தனர். 'டாட்டர்ஸ்' வளரும் மகளைக் கண்டு கலங்கும் தந்தையின் பேச்சு. 'செர்ரி வைன்' பாடலில், அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த ஏமி வைன்ஹவுஸின் குரல் ஒலிக்கிறது. தயாரிப்பாளர்களின் எண்ணிக்கை குறைந்ததும் ஆல்பம் ஒரே உடலாக நின்றதைக் கவனிக்கலாம். பின்னால் வரப்போவதற்கு இதுவே முன்னோட்டம்.

கான்யே வெஸ்ட் அமைத்த 'நாசிர்' எப்படி?

2018 கோடையில் வயோமிங்கில் கான்யே வெஸ்ட் வாரத்துக்கு ஒன்றாகத் தயாரித்த ஐந்து குறும் ஆல்பங்களுள் ஒன்று. ஏழு பாடல்கள். இசை சிறப்பு, வரிகள் அவசரம். நாஸின் வாழ்வில் அபூர்வமாக நிகழ்ந்த தலைகீழ் நிலை.

ஹிட்-பாய் யார்? அவருடன் நாஸ் எத்தனை ஆல்பங்கள் செய்தார்?

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹிட்-பாய் நாஸைவிடப் பதினான்கு வயது இளையவர். 2020க்கும் 2023க்கும் இடையில் இருவரும் ஆறு ஆல்பங்களை வெளியிட்டனர்: 'கிங்ஸ் டிசீஸ்' வரிசையில் மூன்று, 'மேஜிக்' வரிசையில் மூன்று. நாற்பதுகளின் இறுதியில் இருக்கும் ஒரு ராப் பாடகரிடமிருந்து இத்தகைய விளைச்சலை எவரும் எதிர்பார்க்கவில்லை.

இது எப்படிச் சாத்தியமானது என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி. முப்பது ஆண்டுகளாக நாஸ் ஒரே தயாரிப்பாளருடன் தொடர்ந்து உட்கார்ந்ததே இல்லை. பெரும்பாலான ஆல்பங்களுக்குப் பலரிடமிருந்து இசையைத் திரட்டி, அதில் தமக்குப் பொருந்தாதவற்றையும் தேர்ந்தெடுத்துவிடுவார் என்பதே அவர்மீதிருந்த பழைய குறை. ஹிட்-பாய் அந்தத் தேர்வுச் சுமையை இறக்கிவைத்தார். அவர் 1994ஐ நகலெடுக்க முயலவில்லை. டிரம் ஒலிகள் இன்றையவை. பாட்டின் நடுவே இசை திடீரென வேறொன்றாக மாறும். ஆனால் குரலுக்கு உரிய இடம் எப்போதும் விடப்பட்டிருக்கும். நாஸும் பதிலுக்குத் தளர்வாகப் பாடத் தொடங்கினார். பழைய கதைகளை, வியாபாரத்தை, வயதை, செத்துப்போன நண்பர்களை எந்த வேடமும் போடாமல் பேசினார்.

'கிங்ஸ் டிசீஸ்' வரிசையின் முதலாவது பதிவில் 'ஃபுல் சர்க்கிள்' பாடலில் தி ஃபர்ம் உறுப்பினர்கள் மீண்டும் கூடினார்கள். இரண்டாவதில் 'நோபடி' பாடலுக்காக லாரின் ஹில் வந்து, அண்மைக்காலத்தில் அவர் பாடியவற்றுள் மிகச் சிறந்த சரணத்தைத் தந்துவிட்டுப் போனார். 2022 நவம்பரில் வந்த மூன்றாவதில் விருந்தினர் எவரும் இல்லை. ஆறிலும் அதுவே உறுதியானது. 'மேஜிக் 3' நாஸின் ஐம்பதாவது பிறந்தநாளான 2023 செப்டம்பர் 14 அன்று வெளியாகி அந்த வரிசையை நிறைவுசெய்தது. ஆறும் சம தரத்தில் இல்லை. 'மேஜிக் 2' களைத்து ஒலிக்கிறது.

கிராமி விருது பெற்றிருக்கிறாரா?

பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமலிருந்த விருது, 2021 மார்ச்சில் 'கிங்ஸ் டிசீஸ்' ஆல்பத்துக்காகச் சிறந்த ராப் ஆல்பம் பிரிவில் கிடைத்தது. 'இல்மாட்டிக்' பரிந்துரைக்கப்படவே இல்லை.

டிஜே பிரீமியருடன் முழு ஆல்பம் வரும் என்று பல காலம் சொல்லப்பட்டதே?

2006இல் 'ஸ்கிராட்ச்' இதழின் அட்டையில் இருவரும் தோன்றியதிலிருந்தே அந்தப் பேச்சு இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 டிசம்பரில் 'லைட்-இயர்ஸ்' என்ற பெயரில் அது வெளியானது. நாஸின் மாஸ் அப்பீல் நிறுவனம் மூத்த ஹிப் ஹாப் கலைஞர்களின் புதிய ஆல்பங்களை அவ்வாண்டு முழுவதும் வரிசையாக வெளியிட்டது. ஸ்லிக் ரிக், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, மோப் டீப், டி லா சோல் ஆகியோருடைய பதிவுகளும் அவ்வரிசையில் அடங்கும்.

இந்தியாவோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

மும்பை ராப் பாடகர்களின் வாழ்க்கையைத் தழுவி 2019இல் வந்த 'கல்லி பாய்' இந்தித் திரைப்படத்துக்கு நாஸ் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். அப்படத்துக்காக மும்பையின் டிவைன், நேஸி ஆகியோருடன் ஒரு பாடலிலும் பங்குகொண்டார். அதே ஆண்டு மாஸ் அப்பீல் நிறுவனத்தின் இந்தியக் கிளை யுனிவர்சல் மியூசிக் இந்தியாவுடன் இணைந்து தொடங்கப்பட்டது. அதன் முதல் கலைஞர் டிவைன்.

எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பலரும் 'இல்மாட்டிக்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கில ராப்பின் வேகத்துக்குப் பழகாத காதுக்கு அது சற்றுக் கடினம். உள்ளூர்ச் சொற்கள் மிகுதி, வரிகள் அடர்த்தி. ஆகவே 'ஐ கேவ் யூ பவர்', 'ஒன் மைக்', 'டான்ஸ்', 'டாட்டர்ஸ்' ஆகிய நான்கு தனிப்பாடல்களைக் கேட்டு அந்தக் குரலுக்குப் பழகியபின் முதல் ஆல்பத்துக்குப் போவது நல்லது. அடுத்து 'தி லாஸ்ட் டேப்ஸ்', அதன்பின் 'கிங்ஸ் டிசீஸ் III'. இந்த மூன்றையும் கேட்ட பிறகும் ஆர்வம் குறையாதவர்கள் 'இட் வாஸ் ரிட்டன்', 'ஸ்டில்மாட்டிக்' ஆகியவற்றுக்குச் செல்லலாம். 'நாஸ்ட்ரடாமஸ்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்காமலே விட்டாலும் பெரிய நட்டமில்லை.